ஸ்மோல்னி: மடமா, பள்ளிக்கூடமா, லெனின் ஆபீஸா?

மார்ச் 3, காலை 9.12 (ஒரு வாசகரின் கேள்வி)

அக்டோபர் புரட்சி பற்றிப் படிக்கும்போதெல்லாம் "ஸ்மோல்னி" வருகிறது. ஓரிடத்தில் அதைக் கன்னியாஸ்திரி மடம் என்று போட்டிருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் தங்கிப் படித்த பள்ளி என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் போல்ஷெவிக் தலைமையகம். மூன்றும் ஒன்றா, வேறு வேறா? ரஷ்யாவில் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10.40

நான் அங்கே ஆறு வருஷம் மருத்துவம் படித்தவள், அதனால் பதில் என் தலையில் விழுகிறது. மூன்றும் ஒன்றுதான், பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் இருக்கிறது. முதலில் அந்த இடத்தில் தார் காய்ச்சினார்கள். மகா பீட்டர் கப்பற்படை கட்டிய காலத்தில் கப்பலுக்குப் பூசும் தாரை அங்கேதான் சேமித்தார்கள். ரஷ்ய மொழியில் "ஸ்மொலா" என்றால் தார், பிசின். ஸ்மோல்னி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பீட்டரின் மகள் மகாராணி எலிசவேத்தா, வயதான காலத்தில் துறவு பூண்டு ஒதுங்கிவிடலாம் என்று நினைத்து 1748-ல் அங்கே கன்னியர் மடம் கட்டத் தொடங்கினார். கட்டியவர் இத்தாலியர் ராஸ்த்ரெல்லி. 1764-ல் மகாராணி இரண்டாம் காத்தரின் அந்த மடத்தில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1917-ல் அதே கட்டடத்தில் லெனின் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

மார்ச் 4, காலை 6.55

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. "அதே கட்டடம்" என்று எழுதியது தப்பு. இந்தத் தப்பை நான் இரண்டாவது முறையாகச் செய்கிறேன் என்பதுதான் வெட்கம்.

முதல் முறை, படிக்கப் போன முதல் வருஷம். தாத்தா வைத்திருந்த மலிவு விலை சோவியத் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள் நான். ஸ்மோல்னி என்றால் எனக்கு லெனின், துப்பாக்கி, சிகரெட் புகை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிரே வானத்தின் நிறத்தில் ஒரு தேவாலயம், வெள்ளைத் தூண்கள், ஐந்து கோபுரம். இதற்குள்ளேயா சோவியத் மாநாடு நடந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். அன்று அங்கே பாடகர் குழுக் கச்சேரி. உள்ளே தங்கமும் இல்லை, ஓவியமும் இல்லை, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை வெளேர். டிக்கெட் கிழித்த பாட்டியிடம், தெரிந்த ரஷ்ய மொழியில், "லெனின் எங்கே பேசினார்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் கையை நீட்டி, "அது பக்கத்து வீடு, மகளே" என்றார்.

பக்கத்து வீடுதான். மடத்தையும் தேவாலயத்தையும் ஒட்டி, பள்ளிக்கென்றே தனியாக 1806 முதல் 1808 வரை ஒரு நீளமான கட்டடம் எழும்பியது. கட்டியவர் இன்னோர் இத்தாலியர், குவாரெங்கி. எட்டுத் தூண் முகப்பு, மஞ்சள் சுவர். லெனின் வந்தது இதற்குள். அதாவது பள்ளி முதல் நாற்பது சொச்சம் வருஷம் மடத்துக்குள் நடந்தது, பிறகு பக்கத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனது. மடத்தில் இருந்தவர் லெனின் இல்லை, சின்னப் பெண்கள்.

மார்ச் 4, மதியம் 1.20

"கான்வென்ட் என்றாலே ஸ்கூல்தானே, இதில் என்ன குழப்பம்" என்று கேட்ட தோழருக்கு: நம்மூர்த் தமிழில் சரி. டை கட்டிய எல்.கே.ஜி. பையன்கூட கான்வென்ட்தான், கன்னியாஸ்திரி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஸ்மோல்னியிலும் கதை கிட்டத்தட்ட அதுதான். மடம் என்ற பேர் ஒட்டிக்கொண்டது, துறவிகள் மெல்ல மறைந்தார்கள். எலிசவேத்தாவும் மடத்தில் சேரவில்லை. கட்டட வேலை முடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நடுவில் ஏழாண்டுப் போர் வந்து பணத்தை உறிஞ்சிக்கொண்டது. ராஸ்த்ரெல்லி வரைந்த பிரம்மாண்ட மணிக்கூண்டு இன்றுவரை மாதிரியாக மட்டும்தான் இருக்கிறது. தேவாலயத்தின் உள்வேலை முடிந்தது 1835-ல். நான் பார்த்த அந்த வெள்ளை அப்போது அடித்தது.

மார்ச் 6, இரவு 11.05

பள்ளியைப் பற்றி எழுதுங்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நீளமாக வரும்.

காத்தரினுக்கு யோசனை சொன்னவர் இவான் பெத்ஸ்கோய். அவருடைய கணக்கு இது: ரஷ்யாவின் பழைய தலைமுறை திருந்தாது, அதனால் புதிதாக ஓர் இனத்தையே வளர்க்க வேண்டும். அதற்குக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வேண்டும், ஏனென்றால் கெட்ட பழக்கம் வீட்டிலிருந்துதான் தொற்றுகிறது. 1764-ல் அரசாணை வந்தது. பிரபுக்கள் வீட்டுப் பெண்களை ஐந்தாறு வயதில் சேர்த்தால் 12 வருஷம் கழித்துத்தான் வெளியே வரலாம். நடுவில் பிள்ளையைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தக் கையெழுத்து விஷயத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் ஹாஸ்டல் பிள்ளை. கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் ஏழு வருஷம். மாதம் ஒரு ஞாயிறு அப்பா வருவார். அந்த ஒரு ஞாயிறும் இல்லாத ஏழு வருஷத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, இதில் பன்னிரண்டு. அங்கே பெற்றோர் பார்க்க வரலாம், ஆனால் குறிப்பிட்ட நாளில், பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க. வீட்டுக்குக் கூட்டிப்போவது என்பது கிடையாது. ஆறு வயதில் விட்ட பிள்ளை பதினெட்டு வயதில் வீட்டுக்கு விருந்தாளியாகத் திரும்புவாள்.

வயதுக்கு ஒரு நிறத்தில் உடை. மூன்று மூன்று வருஷமாக நாலு பிரிவு: காப்பி நிறம், சாம்பல், நீலம், கடைசியில் வெள்ளை. தூரத்தில் வருகிற பெண் எந்த வகுப்பு என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். காப்பி நிறத்துக்குக் காரணமாக அழுக்குத் தெரியாது என்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் துணி துவைத்தவர்கள் யோசித்த யோசனையாக இருக்கும், மகாராணி யோசித்ததாகத் தெரியவில்லை.

பாடம் என்று பார்த்தால் பெரிய பட்டியல்: மதம், ரஷ்யன், பிரெஞ்சு, ஜெர்மன், கணக்கு, வரலாறு, புவியியல், ஓவியம், இசை, நடனம், தையல், வீட்டு நிர்வாகம். மூத்த பெண்கள் சின்னவர்களுக்குப் பாடம் எடுத்துப் பழக வேண்டும். நடைமுறையில் பிரெஞ்சும் நடனமும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன.

மார்ச் 6, இரவு 11.30

விட்டுப்போனது. "பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தானே" என்று கேட்டிருந்தார்கள். இல்லை. அடுத்த வருஷமே, 1765-ல், பிரபு வம்சம் இல்லாத பெண்களுக்கு ஒரு தனிப் பிரிவு வந்தது. பண்ணையடிமைப் பிள்ளைகளுக்கு மட்டும் இடமில்லை. அந்தப் பிரிவில் நடனம் குறைவு, தையலும் சமையலும் அதிகம். ஒரே வளாகம், இரண்டு பந்தி. நமக்கு விளங்காத விஷயமா இது.

மார்ச் 9, மாலை 5.48

இன்று ஞாயிறு, பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் ஸ்மோல்னிப் பெண்களின் ஏழு ஓவியங்கள் இருக்கின்றன. காத்தரின் சொல்லி லெவித்ஸ்கி 1772 முதல் 1776 வரை வரைந்தவை. குளிர்காலத்தில் எங்கள் விடுதியில் சூடு சரியாக வராது, அருங்காட்சியகத்தில் நன்றாக வரும், மாணவர் அட்டைக்கு டிக்கெட் மலிவு. கலை ஆர்வம் அப்படித்தான் வளர்ந்தது.

ஒரு படத்தில் இரண்டு பெண்கள் நாடகம் போடுகிறார்கள். ஒருத்திக்கு ஆண் வேஷம். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையால் ஆட்டிடையப் பெண்ணாக நிற்கும் தோழியின் தாடையைப் பிடித்துக் குறும்பாகச் சிரிக்கிறாள். தோழி அசட்டுத்தனமாக நெளிகிறாள். எங்கள் விடுதி ஆண்டுவிழாவில் எனக்கு எப்போதும் ராஜா வேஷம்தான், மீசையை அடுப்புக்கரியில் போடுவார்கள். அதனால் அந்தப் படத்தின் முன் நிறைய நேரம் நின்றிருக்கிறேன்.

இந்த நாடகங்களுக்காக காத்தரின் வால்தேருக்கே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் நன்றாக நடிக்கிறார்கள், ஆனால் எந்த நாடகத்தை எடுத்தாலும் காதலாக இருக்கிறது, என்ன செய்வது என்று. ஐரோப்பாவையே ஆட்டிவைத்த சிந்தனையாளரிடம் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஸ்கிரிப்ட் கேட்கிற துணிச்சல்!

இன்னொரு படத்தில் யாழ்போன்ற பெரிய ஹார்ப் வாசிக்கும் பெண், க்ளாஃபிரா அலீமவா. வீட்டில் பத்தொன்பதாவது பிள்ளை. அப்பா இறந்த பிறகு பிறந்தவள் என்பதால் அம்மா இவள் முகத்தைப் பார்க்கவே விரும்பவில்லையாம். பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில் அவரே சொல்கிறார். பள்ளியை அவர் சொர்க்கம் என்றுதான் நினைத்தார். வேண்டாத பிள்ளைக்கு அங்கே எல்லாரும் செல்லம் கொடுத்தார்கள்.

செல்லம் கொடுத்தவர்களில் ஒருவர் நம்ம பெத்ஸ்கோய். பெண் 18 வயதில் படித்து முடிக்கும்போது இவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. தகப்பனாக ஏற்றுக்கொள், இல்லையென்றால் கணவனாக ஏற்றுக்கொள் என்று விடாமல் சுற்றியிருக்கிறார். அவள் வேறொருவரை மணந்துகொண்டாள்.

மார்ச் 9, இரவு 9.15

"புதிய இனம் வளர்க்கிறேன் என்று சொன்னவரின் யோக்கியதை இதுதானா" என்று மேலே ஒருவர் எழுதியதைப் படித்தேன். எனக்கும் முதலில் அதே கோபம்தான். மூன்று நாள் முன்பு எழுதியதிலும் அந்தக் கோபம் தெரிகிறது. இப்போது கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. அந்தக் காலத்தில் ரஷ்யாவில் பெண்பிள்ளைக்கு அரசாங்கச் செலவில் படிப்பு என்பதே கிடையாது, இதுதான் தொடக்கம். அலீமவா மாதிரி ஒருத்திக்கு வீட்டில் என்ன கிடைத்திருக்கும்? பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள் என்று நான் அழுகிறேன், அவளுக்குப் பிரித்ததே வரம். நான் என் அப்பாவை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் அந்தக் கையெழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 12, இரவு 10.22

19-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். கதை சுவாரஸ்யமாவது இங்கேதான், மோசமாவதும் இங்கேதான்.

காத்தரின் இறந்த பிறகு பள்ளி அவருடைய மருமகள் மரீயா கைக்குப் போனது. சேர்க்கை வயது கூடியது, 12 வருஷம் 9 ஆகக் குறைந்தது. "புதிய இனம்" பேச்செல்லாம் போய், நல்ல மனைவி, நல்ல தாய் என்ற பேச்சு வந்தது. 1850-களில் அங்கே படித்த எலிசவேத்தா வொதவோஸவா எழுதிய நினைவுகளில் இருக்கும் பள்ளி லெவித்ஸ்கி வரைந்த பள்ளி இல்லை. குளிர்ந்த படுக்கையறை, மெல்லிய போர்வை, வயிறு நிறையாத சாப்பாடு. ஒரு சம்பவம் மறக்கவே முடியாது. படியில் விழுந்து அவருக்கு மார்பில் அடிபட்டுவிடுகிறது. டாக்டரிடம் காட்டினால் சட்டையைக் கழற்ற வேண்டும், அது பள்ளிக்கே மானக்கேடு என்று மற்ற பெண்கள் பயமுறுத்துகிறார்கள். வலியை மறைத்து மறைத்து, கடைசியில் மயங்கி விழுந்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றாகிறது.

மருத்துவம் படித்த எனக்கு இது கதையாகத் தெரியவில்லை. இதே மாதிரி மறைத்துவைத்துக் கடைசியில் வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

வேடிக்கையும் உண்டு. பெண்களுக்குள்ளேயே ஒரு குழூஉக்குறி: சொன்ன பேச்சுக் கேட்கிறவள் "பர்ஃபேத்கா", அடங்காதவள் "மொவேஷ்கா". பிரெஞ்சில் நல்லது, கெட்டது என்பதற்கான சொற்களை எடுத்து ரஷ்ய வால் ஒட்டியது. நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அப்புறம் "ஆராதனை" என்று ஒரு வழக்கம். ஒவ்வொரு பெண்ணும் மூத்த மாணவி ஒருத்தியையோ ஓர் ஆசிரியரையோ தெய்வமாக வரித்துக்கொள்ள வேண்டும். அவர் வந்தால் "தேவதையே" என்று கத்துவது, பெயரின் முதலெழுத்தைக் கீறி வைப்பது, கழற்றி மாட்டிய கோட்டில் வாசனைத் தைலத்தைக் கொட்டுவது. ஆசிரியர் வீட்டுக்குப் போனால் மனைவி என்ன கேட்டிருப்பார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1859-ல் உஷின்ஸ்கி வந்தார். ரஷ்யக் கல்வியியலின் தந்தை என்று பின்னாளில் பெயரெடுத்தவர். பிரெஞ்சைப் பின்னுக்குத் தள்ளித் தாய்மொழியை முன்னால் கொண்டுவந்தார், இயற்கை விஞ்ஞானம் சேர்த்தார், இரண்டு பந்திக்கும் ஒரே பாடம் என்றார், நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார். விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்ற வழியும் அப்போதுதான் திறந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து!

மூன்று வருஷம்தான் தாக்குப்பிடித்தார். தலைமையம்மாவுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, நாத்திகர், அரசியல் ஆபத்து என்று மேலிடத்துக்குப் புகார் போனது. குற்றச்சாட்டுகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுந்தபோது தலை நரைத்திருந்தது என்று சொல்வார்கள். 1862-ல் அவரைப் படிப்பு ஆராய்ச்சி என்ற பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று வருஷத்தின் கடைசிப் பகுதியில் அவரிடம் படித்ததால்தான் வொதவோஸவா எழுத்தாளர் ஆனார்.

மார்ச் 13, காலை 7.30

பிரான்ஸில் இருந்த பெண்கள் பள்ளியைப் பார்த்துத்தான் ஸ்மோல்னிப் பள்ளி வந்ததா என்று கேட்டவருக்கு, சுருக்கமாக. ஆமாம், பாரிஸ் பக்கத்து சான்-சீர்தான் முன்மாதிரி. பதினான்காம் லூயியின் ரகசிய மனைவி மேடம் தெ மென்தெனோன் 1686-ல் நடத்தத் தொடங்கியது, 250 ஏழைப் பிரபு வீட்டுப் பெண்கள், வகுப்புக்கு ஒரு நிற ரிப்பன். நிறக் கணக்கு அங்கிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால் சான்-சீர் பள்ளியாகத் தொடங்கி 1692-ல் மடமாக மாறியது, ஸ்மோல்னி மடமாகத் தொடங்கிப் பள்ளியாக மாறியது. கடைசியில் இரண்டு இடத்துக்கும் சிப்பாய்கள் வந்தார்கள். சான்-சீர் நெப்போலியன் காலத்தில் ராணுவப் பள்ளி ஆனது.

மார்ச் 17, இரவு 8.50

1917. இதற்காகத்தான் கேள்வியே.

அந்த வருஷம் ஆகஸ்டில் பெத்ரோகிராத் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) சோவியத், அதாவது தொழிலாளர்கள், சிப்பாய்களின் பிரதிநிதிகள் மன்றம், தவ்ரீதா அரண்மனையிலிருந்து ஸ்மோல்னிக்கு இடம் மாறியது. பள்ளி தெற்கே நோவோசெர்காஸ்க் போய், அங்கிருந்து செர்பியாவுக்குப் போய்த் தேய்ந்து முடிந்தது. அக்டோபர் 24 இரவு, பழைய நாட்காட்டிப்படி, கன்னத்தில் பல்வலிக் கட்டுப் போட்டு, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு லெனின் உள்ளே நுழைந்தார். அடுத்த நாள் சோவியத்துகளின் இரண்டாவது மாநாடு கூடிய வெண்தூண் மண்டபம் எது? பெண்கள் நடனமாடிய மண்டபம்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீட் அந்த நாட்களில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தவர். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது பெரிய பேச்சுகள் இல்லை. கதவுகளில் பழைய பலகைகள் அப்படியே இருந்தனவாம்: "பெண்கள் வகுப்பறை எண் 4", "ஆசிரியர் அறை". அவற்றின் மேல் அவசரமாக எழுதித் தொங்கவிட்ட அட்டைகளில் கமிட்டிகளின் பெயர். கீழே பெண்கள் சாப்பிட்ட கூடத்தில் 2 ரூபிளுக்கு முட்டைக்கோஸ் சூப்பும் கஞ்சியும் கறியும். இந்தச் சாப்பாட்டைப் படித்தபோது வொதவோஸவா ஞாபகம் வந்தது. அந்தக் கூடத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் கடைசியில் சிப்பாய்கள்தான்.

பிறகு லெனினும் மனைவி குரூப்ஸ்கயாவும் அங்கேயே குடியிருந்தார்கள், அரசாங்கம் மாஸ்கோவுக்குப் போகும் 1918 மார்ச் வரை. இருந்தது பள்ளியின் வகுப்பு மேற்பார்வை அம்மா ஒருவரின் குடியிருப்பு. தடுப்புக்குப் பின்னால் இரண்டு இரும்புக் கட்டில். எங்கள் வார்டன் அறையும் அப்படித்தான் இருக்கும், ஒரு கட்டில் குறைவு.

தாத்தாவிடம் இதைப் போனில் சொன்னேன், அப்போது அவர் இருந்தார். "லெனின் லேடீஸ் ஹாஸ்டல்லயா இருந்தாரு?" என்று கேட்டுவிட்டு அரை நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 17, இரவு 9.05

நகரத்தின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிரோவ் சுட்டுக் கொல்லப்பட்டதும் அங்கேதான், 1934 டிசம்பர் 1, மூன்றாவது மாடி நடைவழியில். இப்போது நகர ஆளுநரின் அலுவலகம். நான் வாயிற்கதவு வரை போயிருக்கிறேன், காவலர் விடவில்லை. வெளித் தோட்டத்தில் மார்க்ஸும் எங்கெல்ஸும் மார்பளவுச் சிலைகளாக எதிரெதிரே நிற்கிறார்கள், முகப்பில் லெனின். ஒரு பள்ளிப் பெண்ணின் சிலையும் என் கண்ணில் படவில்லை.

1764-லிருந்து 1917 வரை 153 வருஷம் பிள்ளைகள் இருந்த இடம். லெனின் இருந்தது நாலைந்து மாதம். நமக்கு ஸ்மோல்னி என்றால் அந்த நாலைந்து மாதம்தான். எனக்கும்.

மார்ச் 25, இரவு 11.40

ஒரு திருத்தம். மார்ச் 6-ல் நிற வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். காப்பிக்கு அடுத்தது நீலம், அதற்கு அடுத்ததுதான் சாம்பல், பிறகு வெள்ளை. லெவித்ஸ்கியின் முதல் படத்தில் காப்பி உடைச் சிறுமி பக்கத்தில் நீல உடையில் ஒரு பெண் நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், இருந்தும் தப்பாக எழுதியிருக்கிறேன்.

கூடவே, ஏழு படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டிருந்தீர்கள். ஹார்ப் இல்லை, ஆண் வேஷமும் இல்லை. மல்ச்சானவா. வெள்ளை உடை, கடைசி வருஷம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கையில் புத்தகம், பக்கத்து மேஜையில் காற்றை வெளியேற்றும் பம்பு, பௌதிகச் சோதனைக்கான கருவி. மற்ற பெண்களைச் சுற்றி ஆட்டமும் பாட்டும் இருக்க, இவள் பக்கத்தில் மட்டும் கண்ணாடியும் பித்தளையும். விரல் புத்தகத்தின் நடுவே இருக்கிறது, படித்துக்கொண்டிருந்த பக்கத்தை விட்டுவிடாமல்.